ரெண்டு ஆர்க்கிடெக்ட், ஒரு தோட்டத்து வீடு: கொங்கில் ஐந்து நாள்

ஜூலை 10, வியாழன். கோவை

மச்சான் வீடு கட்டப்போகிறார் என்ற செய்தி எங்கள் குடும்பத்தில் மூன்று வருடமாக ஓடுகிறது. காங்கேயத்துக்குத் தெற்கே அவருடைய தோட்டத்தில், கிணற்றடிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. போர் போட்டாகிவிட்டது. வீட்டு பிளான் படம் மட்டும் முடிவாகவில்லை. கையில் இரண்டு படம் இருப்பதுதான் காரணம். ஒன்று கோவையில் இருக்கும் பெரியவர் போட்டது. மச்சானின் அப்பா காலத்துப் பழக்கம், வயது 73. இன்னொன்று சென்னிமலையில் இருக்கும் பெண் போட்டது. மச்சானுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை, வயது 34. பெரியவர் ஒரு காலத்தில் பாடம் எடுத்த கல்லூரியில்தான் அந்தப் பெண்ணும் படித்திருக்கிறது. யாரை வேண்டாம் என்று சொன்னாலும் ஒரு பகை.

"நீ நாலு புஸ்தகம் படிச்சவன். ரெண்டு பேர் கட்டுன வீட்டையும் பார்த்துட்டு வந்து எது நமக்கு ஆகும்னு சொல்லு மாப்ள" என்றார் மச்சான். நான் சென்னையில் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாடகைதான். இருந்தாலும் ஈரோட்டில் பிறந்தவனுக்கு ஊர்ப்பக்கம் போக ஒரு சாக்கு போதும்.

காலை ஆறரைக்கு கோவையில் இறங்கும்போது தூறல். ஸ்டேஷன் எதிரே டீ 15 ரூபாய். சாய்பாபா காலனிக்கு ஆட்டோக்காரர் 250 கேட்டு 180க்கு வந்தார். மீட்டர் போடாததற்கு வருத்தம் தெரிவித்தது உட்பட, வழி நெடுக ஒரு வாக்கியம்கூட 'ங்க' இல்லாமல் முடியவில்லை. இவ்வளவு மரியாதையாக ஏமாந்தால் காசு போனது உறைப்பதில்லை.

பெரியவரின் வீடு 1978ல் கட்டியது. தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் நாலைந்து தடவை நிறம் மாறியிருக்கும். இதற்குப் பூச்சே கிடையாது. கான்கிரீட் கொட்டியது கொட்டியபடி நிற்கிறது, சென்ட்ரிங் பலகையின் மர ரேகைகூட சுவரில் அச்சாக விழுந்திருக்கிறது. மேற்கே முழுக்க, காலி புத்தக அலமாரியைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல ஆழமான கான்கிரீட் தடுப்புகள்.

"அது அழகுக்கு இல்லீங் தம்பி. மூணு மணி வெயில் உள்ள எட்டிப் பார்க்கக் கூடாது. சண்டிகர்ல பார்த்து வந்து பண்ணுனது."

1974ல், மாணவராக இருந்தபோது, மெட்ராசிலிருந்து ரயிலேறிப் போயிருக்கிறார். ஆர்க்கிடெக்ட் லெ கார்புசியே 1951ல் அந்த நகரத்தைத் திட்டமிடும் வேலையை ஏற்றுக்கொண்டு, 1965ல் இறந்தும் போய்விட்டார். "சட்டசபைக் கட்டடத்தைச் சுத்திச் சுத்தி வந்தேன். காவக்காரன் விரட்டுனான். நம்மூர்ல மேஸ்திரி பூசாம விட்டா கூலியைப் புடிப்பாங்க. அங்க அதுதான் கட்டடமே." வீடு என்பது குடியிருக்க ஒரு இயந்திரம் என்று கார்புசியே எழுதியதை இன்றைக்கும் பல பேர் கேலி செய்கிறார்கள். பெரியவருக்கு அதில் கோபம். "மெசின்னா என்னங்க கேவலம்? எங்கம்மா முப்பது வருசம் புகையில குந்தி உக்காந்து சமைச்சா. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு நல்ல மெசின்."

அவர் எனக்கு முதலில் காட்டியது ஹால் இல்லை, சமையலறை. மேடை அன்றைக்கு எல்லோரும் போட்ட உயரத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதல். அவர் மனைவி கச்சாயமும் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கல்யாணமான புதுசுல நிமிந்து நில்லு, கையை மடக்குன்னு டேப்பை வெச்சு அளந்தாருங்க. சரி, ரவிக்கை தைக்கக் குடுக்கப் போறாராட்டருக்குதுன்னு இருந்துட்டேன்" என்றார். கச்சாயம் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் மெத்தென்றும் இருந்தது. நான்கு தின்றேன். இதை இங்கே பதிவு செய்வதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை வரும்.

அந்தக் காலத்தில் சிமெண்ட் கடைக்குப் போய் வாங்குகிற பொருள் இல்லை, பெர்மிட் வேண்டும். 1982ல்தான் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள். அதனால் பெரியவரின் வீட்டில் வீண் சிமெண்ட் ஒரு கரண்டிகூடக் கிடையாது. பூச்சு இல்லாததற்கு சண்டிகர் பாதிக் காரணம், தாலுகா ஆபீஸ் பாதிக் காரணம் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே எனக்கு ஒரு ஆச்சரியம். கான்கிரீட்டையே சாமியாகக் கும்பிடுகிறவரின் தளத்தின் மேல் தென்னங்கீற்றுக் கொட்டகை! "ஏப்ரல்ல கீழ இருக்க முடியறதில்லீங். தளம் பகலெல்லாம் வெயிலைக் குடிச்சு ராத்திரியெல்லாம் கக்குது." தெற்குப் பக்கத் தடுப்பு ஒன்றில் கான்கிரீட் செதில் செதிலாகப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "கம்பிக்கு வெளிய கவர் பத்தலை. ஈரம் போயி, கம்பி துருப்புடிச்சு ஊதி, கான்கிரீட்டைத் தள்ளிருச்சு. யாரு தப்புமில்ல, என்ற தப்பு. அன்னைக்கு மெலிசா இருந்தா அழகுன்னு நெனச்சேன்."

தன் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது விரிசலையும் காட்டுகிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜூலை 11, வெள்ளி. பல்லடம் வழியாகக் காங்கேயம்

பெரியவரே கார் ஓட்டினார். மணிக்கு 45க்கு மேல் போகமாட்டேன் என்கிறார். பின்னால் வந்த பால் வேன்கூட ஒலி எழுப்பி ஓய்ந்துபோய் முந்திக்கொண்டது. சூலூர் தாண்டியதும் தூறல் நின்று காற்று பிடித்துக்கொண்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. பல்லடம் பக்கம் காற்றாலைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. கோவையில் சட்டை நனைந்திருந்தது, பொங்கலூர் வருவதற்குள் காய்ந்து, அதில் மண்ணும் படிந்துவிட்டது. காங்கேயம் மழை மறைவுப் பிரதேசம். மேகம் மேலே போகும், கீழே காற்று மட்டும் வரும்.

பல்லடத்தில் சாப்பாடு 110 ரூபாய். கொள்ளுக் கடைந்தது கேட்காமலே இரண்டாம் தடவை வந்தது. "காத்து நேரமுங்க, கொள்ளு நல்லதுங்க" என்றார் பரிமாறியவர். காற்றுக்கும் கொள்ளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். வாயில் சோறு.

மாலையில் மச்சானின் பெரியப்பா வழி வீட்டுக்குப் போனோம். ஊருக்குள் வளவில் இருக்கும் தொட்டிக்கட்டு வீடு, நூறு வருடம் தாண்டியது. சென்னிமலைப் பெண் ஸ்கூட்டரில் நேராக அங்கே வந்துவிட்டது. பெரியவர் அதை 'அம்மிணி' என்று கூப்பிடுவதால் நானும் இனி அப்படியே எழுதுகிறேன். அது அவரை 'சார்' என்கிறது. எட்டு வருடத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் இரண்டு பேருக்கும் மேடையிலேயே வாக்குவாதமாம். அதைப் பற்றி இரண்டு பேரும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

வீட்டுக்குள் நுழைய எல்லோரும் குனிய வேண்டியிருந்தது. உள்ளே ஒன்றரை அடி மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு. வெளியே கண்ணில் மண்ணடித்த காற்று, உள்ளே வரும்போது சாந்தமாகிவிடுகிறது. நடுவில் தொட்டி, அதாவது திறந்த முற்றம். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அதில் விழுந்து தூம்பு வழியாக வெளியேறும். இப்போது அதன் மேல் பச்சை நிற ஃபைபர் ஷீட். வீடே பாசிக்குளத்துக்கு அடியில் இருப்பதுபோல் வெளிச்சம். "எலி, பூனை, தூசு. யாரு கூட்றது?" என்றார் பெரியம்மா. வயது எண்பதுக்கு மேல்.

அம்மிணிக்கு இந்த வீடு கோயில். கையோடு நோட்டு கொண்டுவந்து தூணின் அடிக்கல், ஓட்டின் சாய்வு, ஜன்னலின் அளவு எல்லாவற்றையும் வரைந்தது. மச்சானுக்குப் போட்ட படத்தில் தொட்டி, ஆசாரம் என்கிற கூடம், திண்ணை மூன்றும் இருக்கின்றன. வாசலில் நின்றுகொண்டு திண்ணையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. "பாருங்க சார், இது வீடும் இல்ல தெருவும் இல்ல. வழிப்போக்கன் வந்து உக்காரலாம், யாரையும் கேக்க வேண்டியதில்லை. இந்த மாதிரிப் பொது இடத்தை உங்க தலைமுறை காம்பவுண்டு கட்டி அழிச்சிருச்சு."

பெரியவர் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "யாருக்குப் பொது, அம்மிணி?"

யாரும் பேசவில்லை.

"எங்கப்பா ஓடு வேயற வேலை. இந்த வளவுல எத்தனையோ வருசம் வேஞ்சிருக்காரு. கூரை மேல ஏறலாம். திண்ணையில உக்காரக் கூடாது. மத்தியானச் சோறு அங்க" என்று மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் கையைக் காட்டினார். குரலில் ஏற்றம் எதுவும் இல்லை, சிமெண்ட் விலை சொல்வதுபோலச் சொன்னார். "நான் எழுபத்தெட்டுல வீடு கட்டறப்ப திண்ணை வெக்கலை. வர்றவங்க எல்லாம் நேரா உள்ள வரணும். அது எனக்குக் கார்புசியே சொல்லித் தரலை."

அவர் வந்ததிலிருந்து திண்ணையில் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரை மணி நேரமாக நான் அதில் காலை நீட்டிப் படுக்காத குறையாக இருந்தேன்.

பெரியம்மா, "அதெல்லாம் அந்தக் காலமுங்க" என்று ஒப்புட்டுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். நெய் தாராளம். அவரும் எடுத்துக்கொண்டார், "ரொம்ப நல்லாருக்குதுங்" என்றார். அம்மிணி நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டது. திரும்பும்போது இட்டேரிப் பாதையில், முன்னால் போன ஸ்கூட்டரின் பின் விளக்கைப் பார்த்துக்கொண்டே, "அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டனாட்டருக்குது" என்றார் பெரியவர் என்னிடம். சத்தமாகச் சொல்லவில்லை என்றேன்.

ஜூலை 12, சனி. சென்னிமலை

அம்மிணி நாலு வருடத்துக்கு முன் கட்டிய வீடு. ஓய்வு பெற்ற வாத்தியார் தம்பதி குடியிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே, கைத்தறிச் சத்தம் லேசாகக் கேட்கிற தூரம்.

அம்மிணி படிப்பு முடித்துக் கேரளாவில் இரண்டு வருடம், ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் வழியில் கட்டுகிற ஒரு குழுவோடு வேலை செய்தது. பேக்கர் 1917ல் பர்மிங்காமில் பிறந்தவர். 1945ல் இந்தியாவுக்கு வந்து, இமயமலைப் பக்கம் பித்தோராகட்டில் பல வருடம் இருந்துவிட்டுக் கேரளாவில் குடியேறினார். வீட்டுக்கு வேண்டிய பொருளை ஐந்து மைல் வட்டத்துக்குள் எடுக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டவர். 2007ல் அவர் இறந்தபோது அம்மிணிக்கு 16 வயது, பார்த்ததே இல்லை. நான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார்புசியே பிறந்தது 1887. அவருக்கும் பேக்கருக்கும் முப்பது வருட இடைவெளி. ஆனால் அம்மிணியின் குரு, பெரியவரைவிட 35 வயது மூத்தவர். பழைய ஆள் புதுசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், புது ஆள் பழசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதில் தலைமுறை என்று எதைச் சொல்வது?

ஐந்து மைல் கதையைக் கேட்டதும் பெரியவர், "என்ற வீட்டுலருந்து மதுக்கரை சிமெண்டு ஆலை எட்டு மைலு. மூணு மைல்ல கோட்டை விட்டுட்டேன்" என்றார். அம்மிணி சிரித்துவிட்டது. நேற்றைக்கு அப்புறம் இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீடு பார்க்க அவ்வளவு அழகு. பூசாத செங்கல் சுவர். கல்லைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டியிருக்கிறது. எலிப்பொறிக் கட்டு என்கிறார்கள். கால்வாசிச் செங்கல் மிச்சம், பொந்திலிருக்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. பெரியவர் மேற்குச் சுவரின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நாடி பார்க்கிற வைத்தியர்போல. மணி மூன்றரை. "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த 'ம்' அம்மிணிக்குப் பட்டம் வாங்கியதுபோல இருந்திருக்க வேண்டும், காதுவரை சிவந்துவிட்டது.

கூரையில் இன்னொரு வேலை. தளத்தின் மேல்பாதிக் கான்கிரீட்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது, அடியில் இழுவையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் கனம். அதனால் கம்பிகளுக்கு நடுவே, இடித்த வீடுகளில் வாங்கிய பழைய சீமை ஓட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே கான்கிரீட் போட்டிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் ஓட்டு வீடு மாதிரியே தெரியும், மேலே ஏறி வடகம் காயப்போடலாம்.

ஆனால் குடியிருப்பவர்கள் என்று ஒரு சாதி இருக்கிறதே. ஹாலின் தெற்குச் சுவர் முழுக்கச் செங்கல் ஜாலி, அதாவது இடைவெளி விட்டு விட்டுக் கட்டிய சுவர். படத்தில் பார்த்தால் அதன் வழியே விழும் வெளிச்சம் தரையில் கோலம் போடும். நேரில் பார்த்தால் அதன்மேல் ஒரு பவானி ஜமக்காளம் தொங்கிக்கொண்டிருந்தது, சிவப்பும் பச்சையுமாக, நாலு மூலையிலும் கயிறு கட்டி. "ஆனியிலருந்து ஆவணி வரைக்கும் தொங்கட்டும்னு விட்டுட்டனுங்க. கூட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள மறுபடியும் மண்ணு. சோத்துல மண்ணு" என்றார் வாத்தியார் வீட்டம்மா. கேரளத்துச் சுவர் கேரளத்துக் காற்றுக்குச் சரி. காங்கேயத்துக் காற்று வேறு ஜாதி. வாத்தியாருக்கும் ஒரு குறை உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஆணி அடித்தாராம். ஆணி போய் விழுந்தது பொந்துக்குள், கண்ணாடி தரையில்.

"மேஸ்திரியைக் கூப்புடாம ஒரு ஆணி அடிக்க முடியலீன்னா அது யாரு வீடு?" என்று பெரியவர் ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் ஓடியது. செங்கல் ஒன்றும் பாவமற்ற பொருள் இல்லை என்பது அவர் கட்சி. கோவைக்கு மேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, யானை நடக்கிற வழியெல்லாம் பள்ளமாகி, 2021ல் சூளைகளை மூடும்படி ஆனது. "உன்ற பேக்கர் செங்கல் செங்கல்னாரே, அந்தப் பள்ளத்தை யாரு ரொப்பறது?" அம்மிணி தயாராகத்தான் இருந்தது. மச்சான் வீட்டுக்குச் சுட்ட செங்கலே இல்லையாம். கிணறு தூர் எடுத்த மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, கையால் இழுக்கிற மெசினில் அழுத்திய கட்டி. ஆரோவில்லில் முப்பது வருடத்துக்கு மேலாகச் செய்கிற முறை. "அஞ்சு பங்கு சிமெண்ட் இருக்குதில்ல" என்று பெரியவர் அதிலும் ஒரு வெற்றியைத் தேடிக்கொண்டார்.

இதற்கு நடுவில் இரண்டு படத்தையும் மேசையில் விரித்தார்கள். தளம் வேறு, சுவர் வேறு, வாசல் வேறு. ஒன்றே ஒன்று மட்டும் அச்சாகப் பொருந்தியிருந்தது. சமையலறை 12 அடி அகலம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிரெதிரே நின்று இரண்டு பேர் சமைக்க அந்த அகலம் வேண்டும் என்று அம்மிணி சொன்னது. "அதேதான்" என்றார் பெரியவர். இதில் மட்டும் சண்டை இல்லை.

திரும்பும் வழியில் ஊத்துக்குளி ரோட்டில் கார் பஞ்சர். ஜாக்கி வேலை செய்யவில்லை. மொபெட்டில் போன ஒருவர் நிறுத்தி, ஊருக்குள் போய் ஜாக்கி கொண்டுவந்து, டயரை மாற்றிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். "சாப்ட்டுட்டுப் போலாமுங்க" என்று வேறு கூப்பிட்டார். பசியில் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த ஊரில் முட்டைப் புரோட்டா சாப்பிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு. காங்கேயம்

படுக்கை. புரோட்டா என்கிறாள் அக்கா. வியாழக்கிழமை தின்ற நாலு கச்சாயம், வெள்ளிக்கிழமை ஒப்புட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் புரோட்டா மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. காலையில் செலவு ரசம் (மசாலாச் சாமானுக்கு எங்கள் ஊரில் செலவு என்று பெயர்), மதியம் மோர்ச்சோறு. மாத்திரை 34 ரூபாய்.

சாயங்காலம் எழுந்து, அம்மிணியின் ஸ்கூட்டரில் கீழ்பவானி வாய்க்கால்வரை போனேன். ஆகஸ்ட் 15 வாக்கில்தான் தண்ணீர் விடுவார்கள், இப்போது காய்ந்து கிடக்கிறது. பவானிசாகர் அணை 1955ல் முடிந்தது. இந்த வாய்க்கால் 200 கிலோமீட்டர், பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். மண் வாய்க்கால். இதற்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்பதில் இந்தப் பக்கம் இரண்டு கட்சி. போட்டால் கசியாது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும். போட்டால் கசிவு நின்று சுற்றுவட்டக் கிணறெல்லாம் வற்றிவிடும். இரண்டும் நிஜம்தான்.

மண்வீடு கட்டுகிற அம்மிணி எந்தக் கட்சி என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது கான்கிரீட் கட்சி! அப்பாவுக்கு நிலம் முத்தூர்ப் பக்கம், கடைமடை. "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லருந்து எங்க வயலுக்குத் தண்ணி கடைசியாத்தான் வரும். பாதி நாள் வராது." ராத்திரி பெரியவரிடம் போனில் சும்மா கேட்டுப் பார்த்தேன். அவர் கான்கிரீட் வேண்டாம் என்கிறார். "ஆயக்கட்டுல பாத்தியதை இல்லாதவன் கிணத்துக்கும் தண்ணி ஊறுதுங்களே. அவன் யாருகிட்டப் போயிக் கேப்பான்?"

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. கார்புசியே, பேக்கர் என்று மூன்று நாள் குறிப்பெடுத்தேன். கடைசியில் இரண்டு பேரையும் எனக்கு விளக்கியது ஒரு வாய்க்கால்.

ஜூலை 14, திங்கள். தோட்டம்

இன்று இரண்டு படத்தையும் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. மேஸ்திரி ஒருவர், சித்தாள் இரண்டு பேர். மேஸ்திரிக்குக் கூலி 1,100, பெண்களுக்கு 650. படத்தை விரிக்கும் முன்னாலேயே காற்று தன் வேலையைக் காட்டியது. போட்ட கோடு போடப்போடப் பறந்தது. பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொன்னார் மேஸ்திரி. மூன்று நாளில் யாரும் சொன்னதிலேயே உருப்படியான யோசனை அதுதான்.

அம்மிணியின் படம் கல் வைத்தும் நிற்காமல் கிளம்பி, மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டைத் தாண்டி, கிலுவை வேலியில் போய்ச் சிக்கியது. முள்ளுக் கிலுவை. எடுக்கப்போன என் முழங்கையில் மூன்று கீறல், படத்தில் திண்ணைக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு கிழிசல். ஒட்டுவதற்கு டேப் கொடுத்தவர் பெரியவர். சட்டைப்பையில் எப்போதும் வைத்திருப்பாராம்.

பத்து மணிக்கு அக்கா நீர்மோர் கொண்டுவந்தாள். தரையில் ஈரக் கோடுகளைப் பார்த்தபடி நின்றாள். "சமையல்கட்டு எது?" காட்டினார்கள். இரண்டு படத்திலும் தென்கிழக்கு, அக்னி மூலை. உள்ளே போய் நின்றாள். பாத்திரம் விளக்குகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இங்க நின்னா வாசல் கேட்டு தெரியாதுங்களே. யாரு வர்றாங்க, ஆடு எங்க போகுது, பால்காரன் வந்தானா, எப்படிப் பார்க்கறது?"

பெரியவரும் அம்மிணியும் அவளுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்று, அவள் பார்த்த திசையைப் பார்த்தார்கள். மூன்று வருடமாக இந்த வீட்டுக்குப் படம் போடுகிறார்கள், அக்காவை இதுவரை யாரும் கேட்கவில்லை. மச்சானைத்தான் கேட்டிருக்கிறார்கள். நானும்தான். இந்தப் பயணத்தில் நாலு ராத்திரியில் மூன்று ராத்திரி அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பெரியவர் பையிலிருந்து டேப்பை எடுத்து, "நேரா நில்லுங்க. கையை மடக்குங்க" என்றார். அம்மிணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரக் கோட்டைக் காலால் அழித்துவிட்டுப் புதுசாக ஒரு ஜன்னல் போட்டது. மச்சான் மட்டும், "அடுப்பு அக்னி மூலையை விட்டு நகரக் கூடாது, சொல்லிப்போட்டேன்" என்று கிணற்றடியிலிருந்து கத்தினார்.

ஈரோட்டுக்குப் போய் ராத்திரி ரயில். அக்கா கொடுத்துவிட்ட ஊத்துக்குளி வெண்ணெய் அரைக் கிலோ, சேலம் தாண்டுவதற்குள் இளகி என் வேட்டிக்குள் இறங்கிவிட்டது.

ஜூலை 16, புதன். சென்னை

அக்கா போன் செய்தாள். நாளைக்கு ஆடி பிறக்கிறது, அதற்கு முன் கேட்டுவிடலாம் என்று மச்சான் படங்களை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போயிருக்கிறார். வாசல் கேட்டைப் பார்க்கிற ஜன்னலுக்கு ஜோசியர் ஆட்சேபணை சொல்லவில்லை. அழுத்திய மண்கட்டியா, கான்கிரீட்டா என்றும் கேட்கவில்லை. திண்ணை பற்றிப் பேச்சே எழவில்லை. சமையல்கட்டு அகலத்தை மட்டும் விரலால் தொட்டு, மனையடிப்படி 12 ஆகாது, 11 ஆக்குங்கள் என்றாராம்.